மாயாக், எண் பதினான்கு

விரிசலின் குறுக்கே
கட்டைவிரல் அகலத்துக்கு ஜிப்சம் பூசுகிறேன்.
அது இறுகும் முன் ஆணி முனையால்
எண்ணைக் கீறுவேன், தேதியைக் கீறுவேன்.
எங்கள் ஊரில் இதற்குப் பெயர் மாயாக்,
கலங்கரை விளக்கம்.
கார்கிவிலிருந்து கடல் வெகு தூரம்.
சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும்
முதலில் உடைவது இதுதான்.
உடைவதற்கென்றே பூசுகிறோம்.

சால்திவ்காவில் ஒன்பது மாடி.
கான்கிரீட் பலகைகளை நிறுத்தி
மூலைகளில் இரும்பைப் பற்றவைத்த கட்டடம்.
மார்ச்சில் ஓர் அதிகாலை முற்றத்தில் விழுந்தது.
வெடிப்பின் கை சுவரில் இருந்த நேரம்
ஓர் இமைப்பில் பத்தில் ஒரு பங்கு.
முதலில் தள்ளும்.
அப்புறம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவன் போல
இழுக்கும்.
மூன்றாம் மாடிக் கண்ணாடி கட்டிலின் மேல் கிடந்தது,
எட்டாம் மாடிக் கண்ணாடி தெருவில்.

சுத்தியலால் தட்டி, காது வைத்துக் கேட்பேன்.
உறுதியான பலகை 'ணங்' என்னும்.
உள்ளே விட்டுப்போனது 'பொத்'தென்று நின்றுவிடும்.
படிவத்தில் அதை எழுத இடமில்லை.
கட்டங்கள் மூன்றுதான்:
தங்கலாம், பழுது பார்க்கலாம், இடிக்கலாம்.

இரண்டாம் மாடியில் ஓரத்துப் பலகை ஒன்று இல்லை.
அது தாங்கிய ஏழு மாடிப் பாரம்
பெட்டி படுக்கையோடு
பக்கத்துச் சுவரிடம் போய்த் தங்கியிருக்கிறது.
அந்தச் சுவர் இன்னும் முகம் சுளிக்கவில்லை.
எத்தனை நாளைக்கு என்று கேட்கத்தான்
எனக்குச் சம்பளம்.

ஆறாம் மாடி. மெலானியா ஷெபெத்கோ,
டிராலிபஸ் ஓட்டுநர், வயது நாற்பத்தொன்று.
விரிசல் விழுந்த சுவருக்குப் பாரம் வேண்டாமென்று
ஃப்ரிட்ஜைத் தனியாளாக
எதிர்ச் சுவருக்கு நகர்த்தியிருந்தாள்.
பல டன் கனத்த பலகைக்கு அது ஒரு கொசு.
நான் சொல்லவில்லை.
"ஜன்னல் புதுசு," என்றாள்.
"ரசீது இருக்கு, பார்க்கிறீங்களா?"

பதினேழாம் தேதி பதினான்காம் மாயாக்கைப் பூசினேன்.
மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தேன்.

உடையவில்லை.
ஒரு கீறல்கூட இல்லை.
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்,
முதல் கட்டத்தின் மேல் முனையை வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் அந்த ஏழைப் பார்த்தேன்.
என் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு உண்டு,
பள்ளிக்கூடப் பழக்கம்.
இந்த ஏழுக்கு இல்லை.
தொட்டுப் பார்த்தேன்.
மூன்று வாரத்து ஜிப்சம் இத்தனை குளிராது.

அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
நகக்கண்ணில் வெள்ளை.
என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு
கையை மேலங்கிப் பையில் போட்டாள்.
கோப்பை வழிந்தது,
இருவருமே துடைக்கவில்லை.

"எத்தனை தடவை?"
"ரெண்டு," என்றாள். பிறகு,
"மூணு."

உளியை வைத்து ஒரு தட்டு.
கலங்கரை விளக்கம் உதிர்ந்து
தரைவிரிப்பில் மாவாகக் கிடந்தது.
அடியில் விரிசல்.
அளவுத் தகட்டைச் செருகினேன்,
அடுத்த தடிப்பு,
அதற்கும் அடுத்தது.
அதுவும் தாராளமாக உள்ளே போனது.

எண்ணைச் சத்தமாகப் படிப்பது விதி.
படித்தேன்.
கீழ்வீட்டில் யாரோ வானொலியைத் தணித்தார்கள்.

எந்தக் கட்டத்தில் கோடு போட்டேன் என்று
அவள் எட்டிப் பார்க்கவில்லை.
"ஜன்னலைக் கழற்றி எடுத்துக்கலாமா?" என்றாள்.
"எடுத்துக்கலாம்."
"ஃப்ரிட்ஜை?"

மின்தூக்கி மார்ச்சிலேயே நின்றுபோனது.
படிவத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
கீழ்முனையை நான் பிடித்தேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்தோம்.
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கும்போது
பழக்கதோஷம்,
விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன்.

"என்ன சொல்லுது?" என்றாள்.
"தூக்குங்க," என்றேன்.