நிறுத்தல்

தார்த்து, எஸ்தோனியா. பிப்ரவரி. ஆறு உறைந்துகிடக்கிறது.
சரக்கு நிலையத்தில் ஆளிநார்ப் பொதிகளை நிறுக்கும் ஓஸ்வால்ட்
இரவு ரயிலில் வந்த திரவக் காற்றுக் குடுவையைச்
சறுக்குவண்டியில் இழுத்துவந்து
ஆய்வுக்கூட நிலவறையில் இறக்கினான்.
விடிவதற்குள் ஆவியாகிவிடும்.
வேறு ஆள் இல்லை. அதனால்தான் வந்தான்.

ஹில்யா நன்றி சொன்னாள், முகம் பார்க்காமல்.
மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் எழுதிய கடிதத்தைப்
பிரிக்காமலே திருப்பி அனுப்பியவள்.
திரும்பி வந்ததை அவன் தராசில் வைத்தான்:
ஒன்பது கிராம்.
போனபோதும் அதே ஒன்பது.

கண்ணாடிக் குடத்துக்குள், குவார்ட்ஸ் இழையில்,
இரண்டு சிறு தகடுகள்.
ஒன்று கரி பூசியது, ஒன்று வெள்ளி.
ஒளி தள்ளுகிறதா என்று பார்க்கிறாள்.

"எடையே இல்லாதது எப்படித் தள்ளும்?"
நிறுப்பவனின் கேள்வி.

"நிறுக்க வேண்டுமானால் முதலில் நிறுத்த வேண்டும்.
அது நின்றதே இல்லை.
நின்றால் அது இல்லை.
ஓட்டம் ஒன்றுதான் அதன் சொத்து.
கையிலிருக்கும் ஆற்றலை
ஓடும் வேகத்தால் வகு, அவ்வளவு உந்தம்.
சிவப்புத் துகளுக்குக் கொஞ்சம்,
நீலத் துகளுக்கு அதிகம்.
நிறை இந்தக் கணக்கிலேயே வராது."

"குறை?" என்றான்.
அவள் சிரிக்கவில்லை. கிட்டத்தட்ட.

ஆறு வாரமாகப் பொய்தான் வந்தது.
கரித்தகடே அதிகம் விலகியது:
மிச்சமிருந்த காற்று, கரிமேல் சூடேறி,
ஒளியின் பேரில் கள்ளக் கையெழுத்துப் போட்டது.
இன்று பாதரசப் பம்பு இறைத்து இறைத்து,
குளிர்க்கண்ணியில் கடைசி ஆவியும் உறைந்து,
குடத்துக்குள் ஏறக்குறைய எதுவுமில்லை.

விளக்கின் மூடியைத் திறந்தாள்.
சுவரில், அளவுகோல்மேல், ஒளிப்புள்ளி
யோசிப்பதுபோல் நகர்ந்தது.
கரி: பதினொன்று.
மேலே தெருவில் ஒரு மரவண்டி
போய்முடியும்வரை காத்திருந்தார்கள்.
வெள்ளி: இருபத்தொன்று.

கரி விழுங்கிக்கொள்கிறது; ஒரு தள்ளு.
வெள்ளி வாங்கிய கையோடு திருப்பி அனுப்புகிறது;
வந்ததற்கு ஒன்று, அனுப்பியதற்கு ஒன்று.

ஓஸ்வால்ட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
அந்த இருபத்தொன்றை வெகுநேரம் பார்த்தான்.
"அப்படியென்றால்
திருப்பி அனுப்பியவர்தான்
அதிக தூரம் தள்ளிப்போகிறார்."

பென்சில் நின்றது.
அவள் மூடியை இறக்கினாள். புள்ளி
ஆடி ஆடிப் பூஜ்யத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது,
இன்னும் திரும்பவில்லை.

"இன்னொரு தடவை அளக்கணும்," என்றாள்.
"அந்தக் குடுவையைப் பிடி."