கந்தகன் கதையில் ஒரு திருத்தம்

பாகாவ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மோட்டார் பட்டறையில் வேலை முடிந்து வந்தவன்
சோற்றில் ஒரு கையும் கைபேசியில் ஒரு கண்ணுமாகச் சொன்னாய்:
"கந்தகன் பொறந்த கதைய மாத்தப் போறாங்களாம்மா."
சாவுச் செய்தி சொல்கிற குரல்.

எனக்கும் அவனைத் தெரியும்.
ஒன்றாம் ஆண்டில் அவன் படம் போட்ட
தண்ணீர்ப் போத்தலுக்கு நீ அழுத அழுகை
ஏழாம் நம்பர் லயம் முழுக்கத் தெரியும்.
பட்டணத்து ஆய்வுக்கூடம், நள்ளிரவு,
கண்ணாடித் தொட்டி உடைந்து
மஞ்சள் திரவம் தலையில் கொட்டும்.
எழுந்தால் அவன் கந்தகன்.
தொட்டால் இரும்பு உருகும்.
ஐம்பது வருஷமாய் அதே தொட்டி, அதே உடைசல்.

"வேற எப்படித்தான் மாத்துவாங்க?" என்று கேட்டாய்,
என்னிடம் அல்ல, கருவாட்டுக் குழம்பிடம்.

நான் சொல்லட்டுமா, தர்வின்?
ஆய்வுக்கூடம் வேண்டாம்.
காலை ஆறேகால், பெரட்டுக்களம்.
மண்டோர் பேர் கூப்பிடுகிறான்.
முதுகில் பதினெட்டு லிட்டர் மருந்துத் தோம்பு.
என் மருந்து நீலம்; வேண்டுமானால் மஞ்சளாக்கிக்கொள்ளட்டும்.
செம்பனை மூன்றாவது நிரை திரும்பும்போது
தோம்பின் அடியில் கசிவு.
சட்டைக்குள்ளே, முதுகுத்தண்டு வழியே,
இடுப்பு நாடா வரைக்கும்
சில்லென்று.
வெடிச் சத்தம் இல்லை.
மண்டோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் சக்தி வரவேண்டுமே.
வந்தது.
கட்டைவிரல் நகம் இரண்டும் வலிக்காமல் கழன்றன.
குனிந்தால் மூக்கில் ரத்தம்.
நான் நடந்து போன பக்கமெல்லாம்
மூன்றாம் நாள் புல் கருகிக் கிடந்தது;
இதைவிடப் பெரிய சக்தி அவனுக்கு உண்டா?
முகமூடியும் உண்டு, ஆறு மாசத்துக்கு ஒன்று.
வெயிலில் மூச்சு முட்டும், அதனால் கழுத்தில் தொங்கும்.
முதுகில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்
காற்றில் பறப்பது மாதிரி வரைந்துகொள்ளலாம்.

நீ சிரிக்கவில்லை.
"வில்லன் யாரும்மா?"
கிளினிக் டிரெசரா? ரெண்டு பனடோல் கொடுத்தார், பாவம்.
கிராணியா, கோலாலம்பூரில் இருக்கிற கம்பெனியா,
அதை நான் யோசித்ததில்லை.

யோசித்தது ஒன்றுதான்.
அந்தத் தோம்பில் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது.
ஐம்பது காசு.
ரெண்டு தடவை சொன்னேன். மண்டோர் எழுதிக்கொண்டான்.
அதை மாற்றியிருந்தால்
ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து
குளித்துவிட்டுத் தேத்தண்ணி போட்டிருப்பேன்.
கதையே இல்லை.

உன் கந்தகனுக்கும் அப்படித்தான்.
யாராவது ஒருத்தர் அந்தத் தொட்டியை
முந்தின நாளே தட்டிப் பார்த்திருக்கலாம்.

"அப்ப கந்தகனே இல்லியேம்மா."
இல்லாமல் போகட்டுமே.
எவனோ ஒருத்தன் கையைக் கழுவிட்டு
வீட்டுக்குப் போயிருப்பான்ல?

நீ தட்டைக் கழுவப் போனாய்.
ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
பிறகு முகம் காட்டாமலே,
பட்டறையில் வண்டிக்காரனிடம் விசாரிக்கிற குரலில்,
"அந்தத் தோம்பு இப்ப யாருகிட்ட இருக்கு?"

பங்களாதேஷ் பையன் ஒருவன் தூக்குகிறான்.
அவன் பேர் எனக்குத் தெரியாது.