மூன்றாம் விதி

யீஷூன், புளோக் எழுநூற்றுப் பதினெட்டு.
அத்தனை வீட்டுக்கும் ஒரே குழு.
விதிகளை எழுதியவள் நான்.

காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ வேண்டாம் என்பது முதல் விதி.
பாண்டுரங்கன் சார் இன்னும் அனுப்புகிறார்.
இரண்டாவது, ஒருவருக்கான பதிலை
எல்லார் தலையிலும் கொட்டாதீர்கள்.
மூன்றாவது,
எந்த வரிக்குப் பதில் என்று
விரலால் அழுத்திப் பிடித்துக்
காட்டிவிட்டு எழுதுங்கள்.

அந்தச் செவ்வாய் இரவு
நகர மன்ற அறிவிப்பு வந்தது.
நாளை தொட்டி கழுவுகிறார்கள்,
ஒன்பதிலிருந்து மூன்று வரை தண்ணீர் வராது.
நான் ரயிலில். காத்திப்பில் இறங்குகிற கூட்டம்
தோளை இடிக்க, கட்டைவிரல் தானாகவே அடித்தது:
"முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி!
வாளியில் பிடித்து வைக்கிறேன்."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
இடையில் ஒரு வரி ஏறியிருந்ததை.
பதினொன்றாம் தளம், குவெக் அம்மா:
என் கணவர் ஏழரை மணிக்குப் போய்விட்டார்.

அதற்கு நேர்க் கீழே
என் நன்றி, ஆச்சரியக்குறியோடு.

அழித்தேன்.
அழித்ததைச் சும்மா விடுமா கைப்பேசி?
இச்செய்தி நீக்கப்பட்டது என்று
என் பெயர் போட்டுக் கல்வெட்டு வைத்தது.
அதன் அடியில் வரிசையாகக் கூப்பிய கைகள்,
நாற்பத்தாறு ஜோடி,
ஒரே அச்சு, ஒரே மஞ்சள்.
கடைசியில் நானும் ஒரு ஜோடி போட்டேன்.

கீழ்த்தளத்தில் ஐந்து நாள் பந்தல்.
வட்ட மேசைகள், வேர்க்கடலை, சிவப்பு நூல்.
ஐந்து நாளும்
கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.

ஆறாம் நாள் லிஃப்டில்
அவரும் நானும் ஒரு பை ஆரஞ்சும்.
நான்காம் தளம் தாண்டும்போது கேட்டார்:
"கைகளை எல்லாம் பார்த்தேன்.
நீ மட்டும்தான் ஏதோ எழுதினாய்.
என்ன அது?"

அழுத்திப் பிடிக்க அங்கே வரி இல்லை,
முகம்தான் இருந்தது.
சொன்னேன், வாளி வரைக்கும்.

"தண்ணீரா!" என்றார்.
"மறுநாள் வீடு நிறைய ஆள்,
குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.
நீ அழிக்காமல் இருந்திருந்தால்
நானும் பிடித்து வைத்திருப்பேனே."

சிரித்தாரா திட்டினாரா, தெரியவில்லை.
ஒன்பதாம் தளம். என் வீடு.
கதவு மூடிவிடாமல்
பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தபடி
என்னையே பார்த்து நின்றார்.