முதல் அலசல்

நகரிச் சாயப்பட்டறையில் பத்தொன்பது வருஷம்.
கண்ணை மூடிக்கொண்டு, வாசனையில் நிறம் சொல்வேன்.
அதனால் அன்று விடிகாலை
பின்சுவரோரம் நின்றபோது
பயம் வரவில்லை, பெயர்தான் வந்தது:
மெரூன் நூலின் முதல் அலசல் தண்ணி.

எரியவில்லை. கடுக்கவில்லை.
குழாய் திறந்தது போலப் போனது.
மத்தியானம் இரண்டாம் அலசல்.
சாயங்காலம் வெறும் தண்ணி.
முந்தின ராத்திரி சுகுணா பீட்ரூட் பொரியல் செய்திருந்தாள்.
பழியை அவள்மேல் போட்டுவிட்டு
பீடி பற்றவைத்தேன்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை.
ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் படியை
ஒரே மூச்சில் ஏறினேன்.
இறங்கிய மறுநாள் திரும்ப வந்தது,
இம்முறை தேயிலைத்தூள் போல
ஒரு துணுக்கோடு.

பட்டறையில் ஆளுக்கொரு வைத்தியம்.
கொதிகலன் பக்கமே நிக்கிறே, சூடு என்றான் பாபய்யா,
வெந்தயம் ஊறிய மோரை நீட்டி.
மச்சான் கல்லு என்றான்.
அவனுக்குக் கல்லு வந்தபோது
பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுத் தரையில் புரண்டவனை
நான்தான் தூக்கிவந்தேன்.
எனக்கு எங்கே புரளல்?
மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் மாத்திரை.
மூன்றாம் நாளே நின்றது.
மாத்திரை நிறுத்தியதா, தானாய் நின்றதா,
யார் கண்டது.

சுகுணா கண்டாள். என் உள்வேட்டியை
வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
"சாயமா இருந்தா இத்தன சோப்புக்குப் போயிருக்காது."
மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில்
எனக்கு முன்னால் அவள்.

என் பேச்சிலிருந்த தெலுங்கைக் கேட்டு
டாக்டரம்மா "நொப்பி உந்தா?" என்றார்.
"லேது."
"கொஞ்சம்கூட?"
"லேது" என்று சிரித்தேன்,
சரியான விடை சொன்னவன் மாதிரி.
அவர் சிரிக்கவில்லை.
பீடி எத்தனை, சாயத்தில் எத்தனை வருஷம், கையுறை உண்டா?
உள்ளங்கையைத் திருப்பினார்.
ரேகையெல்லாம் நீலம்.

"கிட்னியா இருக்கலாம். வயசானா வீங்குற சுரப்பியா இருக்கலாம்.
கிருமி, கட்டி,
ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்.
ஸ்கேன் எடுத்து, மூத்திரப்பைக்குள்ள குழாய் விட்டுப் பார்க்காம
நான் பேர் சொல்ல மாட்டேன்.
நின்னுடுச்சுன்னு வராம இருந்துடாதீங்க.
வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க, எத்திராஜுலு."

எழுதிக்கொண்டே கேட்டார்:
பட்டறையில வேற யாருக்காவது இப்படி?
"லேது" என்றேன் மூன்றாவது தடவை.

பஸ் திரும்பியபோது
நகரி மலையின் மூக்கு தெரிந்தது.
அப்போதுதான் செங்கல்ராயன்.
எனக்கு முன்னால் அந்தத் தொட்டியில் நின்றவன்.
சூடு சூடென்று தினம் இரண்டு இளநீர் குடித்தவன்.
வெள்ளை வேட்டி கட்டமாட்டான்,
கேட்டால் சாயக்காரனுக்கு வெள்ளை எதுக்கு என்பான்.
ஒரு தை மாதம் வேலைக்கு வரவில்லை.
அவன் தொட்டி எனக்கு வந்தது,
அவன் சட்டை மாட்டிய ஆணியும்.

ஸ்கேன் சீட்டில் வெள்ளிக்கிழமை என்றிருந்தது.
சுகுணாவிடம் பேனா வாங்கி
பின்பக்கம் எழுதினேன்: செங்கல்ராயன்.
பஸ் குலுங்க, கோணலாக, அதற்குக் கீழே:
பாபய்யாவிடம் கேட்கணும்.