காதுக்கல்

வருடத்துக்கு ஒரு முறை
தூசி தட்டி மேடைக்கு வருவார்
ரங்கநாயகி அப்பாவு.
படத்துக்கு மாலை போடுவதும் என் வேலைதான்,
மைக் பிடிப்பதோடு சேர்த்து.
அவரைப் போல இன்னும் பதினோரு படங்கள்
துறை அலமாரியில்.
ஒவ்வொருவர் பெயரிலும் வங்கியில் ஒரு தொகை.
அதன் வட்டியில்
ஒரு சொற்பொழிவு, ஒரு பொன்னாடை,
ஆளுக்கொரு சமோசா.

இருபத்தைந்து பேருக்குக் குறைந்தால்
தணிக்கையில் கேள்வி வரும்.
அமலநாதன் சார் பதிவேட்டை நீட்டுவார்:
"நீயும் ஒரு கையெழுத்தைப் போடு, தேசப்பா."
போட்டிருக்கிறேன்,
கல்வெட்டுக்கு, கருந்துளைக்கு,
பங்குச் சந்தைக்கு,
பின்காலனியம் என்ற ஒன்றுக்கு இரண்டு நாள்.

எதிரே கடல்.
அதன் உப்பு பிளக் பாயின்ட் வரைக்கும் வந்து
பச்சை பூத்திருக்கும்.
பின்னால் சேப்பாக்கம் மைதானம்.
மேட்ச் நாளில் விக்கெட் விழுந்தால்
எங்கள் ஜன்னல் கண்ணாடிக்குத்தான் முதலில் தெரியும்.
இன்று மேட்ச்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்
முனைவர் ஜெசிந்தா ரொட்ரிகோ.
'மீன்களின் செவிகற்கள்' என்று
ஒற்று விழுந்த பேனருக்குக் கீழே நின்றார்.
திரை முழுக்க ஒரு கல்.
மெல்லிசாய் அறுத்து, அடியில் விளக்கு வைத்து.
வளையத்துக்குள் வளையம்.
இது ஒரு வருடம், இது பட்டினி,
இந்த இடத்தில் முதன்முறை முட்டையிட்டிருக்கலாம்
என்று சிவப்பு ஒளியால் தொட்டுக்கொண்டே போனார்.
பிறகு மீனின் பெயரைச் சொன்னார்.

கத்தாழையா!
எத்தனை முறை பல்லில் நறுக்கென்று பட்டிருக்கிறது
குழம்புச் சட்டியின் அடியில் கிடந்து.
நொச்சிக்குப்பத்தில் என் அக்கா
அதைப் பசை வைத்து ஒட்டி
கம்மல் என்று காதில் போட்டுக்கொண்டு
பள்ளிக்கூடம் போய் அடி வாங்கினாள்.
அது மீனுக்கும் காதுக்கல்தான் என்று
அடித்த டீச்சருக்கும் தெரியாது.

கேள்வி நேரம்.
கம்பியில்லா மைக்கோடு
வரிசை வரிசையாக நடக்கிறேன்.
ஒரு பெண் வாங்கினாள்:
"சான்றிதழ் இன்னைக்கே கிடைக்குமா, மேம்?"
அப்புறம் யாருமில்லை.
மின்விசிறி மட்டும்.

இந்த மைக்கில் ஒன்பது வருடமாக
நான் சொன்னதெல்லாம் ஹலோ, ஒன், டூ.

"மேடம், கல்லு ரெண்டு இருக்குமே,
இந்தக் காதுக்கு ஒண்ணு அந்தக் காதுக்கு ஒண்ணு.
ரெண்டும் ஒரே வயசைக் காட்டுமா?"

அந்த நேரம் பார்த்து எவனோ அவுட்.
முப்பதாயிரம் பேர் கத்தினார்கள்.
"மன்னிக்கணும், திரும்பச் சொல்லுங்க" என்றார்.
முதல் தடவை வாய் தானாகக் கேட்டுவிட்டது,
இரண்டாம் தடவை
நான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
திரும்பி, திரையில் இருந்த கல்லைப் பார்த்தார்.
"நாங்க இடது கல்லைத்தான் அறுப்போம்.
வலது உறையில அப்படியே இருக்கும்.
சேர்த்து வச்சு எண்ணினதில்லை."
அழைப்பிதழின் பின்பக்கத்தில்
என்னவோ எழுதிக்கொண்டார்.

நன்றியுரையில்
ஒலிபெருக்கி ஏற்பாட்டுக்கும் நன்றி சொன்னார்கள்.
அமலநாதன் சாரின் அறிக்கையில்
'பார்வையாளர் ஒருவர் ஐயம் எழுப்பினார்.'
பேனாவை நீட்டினார், எப்போதும்போல.
ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்,
கை முழுக்கத் தூசி. துடைத்துவிட்டுப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கத்தாழை.
தலையை எனக்கு வை என்றதற்கு
அம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.
கழுவி, ஈரம் காய,
போன் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
இடது எது வலது எது என்று
எடுக்கும்போதே குறிக்காமல் விட்டிருந்தேன்.
"அறுக்கப் போறேன்னு அருவாமணையைத் தொடாதே,
பல்லு போயிடும்" என்று
அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.