பதினைந்து நிமிஷத்து வெயில்

அப்புத்தளைப் பிளவில் முகில் ஏறுவதை
நீங்கள் படம் பிடிக்கிறீர்கள்.
நான் அதை மெகாவாட்டில் எழுதுகிறேன்.
பத்தே கால்: ஒன்று புள்ளி எட்டு.
பத்தரை: ஒன்று புள்ளி ஏழு.
பத்தே முக்காலுக்குக் கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன்,
பெட்டி ஏற்கவில்லை. எண்தான் வேண்டுமாம்.

மூடிக்கிடந்த ஸ்டோரின் தகரக் கூரையிலும்
கொழுந்து செத்துப்போன பதினோராம் நம்பர் மலையிலும்
வரிசையாய்ப் பலகைகள்.
கொழுந்து வாடப்போட்ட மாடியில்
ஆளுயர அலமாரிகளாய்ப் பற்றரிகள்.
அவற்றுக்கு ஏசி.
எனக்கு அண்ணன் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்.

முதல் மாதம் முழுக்க
கட்டுப்பாட்டு அறையிலிருந்து திலகசிறி கத்துவார்:
"குறையட்டும் மிஸ், அதுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஏன் விழுகிறது?"

குறைவது வேறு, விழுவது வேறு.
ஒரு முகில் கூரையை மூட நாற்பது வினாடி,
ஒன்று புள்ளி எட்டு
சைபர் புள்ளி நாலாகிவிடும்.
இல்லாமை லைனுக்குப் பழக்கம்.
திடீரென்பதுதான் ஆகாது.
அந்த நாற்பது வினாடிக்குள்
பற்றரி தன்னைக் கொட்டி
படியைச் சரிவாக்க வேண்டும்.
எங்கள் லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி;
கைப்பிள்ளையோடு மழையில் இறங்கியவர்களுக்கு
நான் சொல்வது விளங்கும்.

செய்மதிப் படம் வந்து சேரும்போது
அதிலிருக்கும் முகில்
என் தலைக்கு மேலே வந்து நிற்கும்.
அதனால் ஒருநாள்
அஞ்சாம் நம்பர் மலையில் நின்ற கனகாம்பிகைக்கு போன் அடித்தேன்.
அக்கா, அங்கே மூட்டம் வருதா?
"நிறுவை நடக்குது. ரெண்டு கிலோ வெட்டுறான்.
உன் மூட்டம்தான் இப்பப் பெரிசா?"
வைத்துவிட்டாள்.
தகவல் இல்லை என்று பதிந்தேன்.
ரெண்டு கிலோவை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
பகல் பன்னிரண்டுக்கு மூட்டம் என்று நானே எழுதி,
பயத்தில் பற்றரியை விளிம்புவரை நிரப்பி,
சோறும் தின்னாமல் காத்திருந்தேன்.
பிளவு வரைக்கும் வந்தது முகில்.
வாசலில் நின்று யோசித்தது.
வெல்லவாயப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வெயிலென்றால் வெயில்!
பற்றரியில் இடமில்லை,
சொன்ன அளவுக்கு மேல் லைனும் வாங்காது.
"மீதியை வெட்டுங்கள்" என்றார் திலகசிறி, மெதுவாகவே.
வெட்டினேன்.
ஒன்றே கால் மணி நேரம்
பலகைகள் சும்மா சுட்டுக்கொண்டு கிடந்தன.
எட்டு மாதம் குளிரில் நடுங்கும் இடத்தில் இருந்துகொண்டு
வெயிலை வேண்டாமென்றவள் நான்.

ஜன்னலால் பார்த்தால்
லயத்துக் கூரையெங்கும் போர்வைகள்,
தலையணைகள், யாரோ ஒருவரின் பள்ளிச் சப்பாத்து.
எந்த முன்னறிவிப்பும் கேளாமல்
எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன.

ஞாயிறு முதல் பற்றரியில் பாதியைக் காலியாக வைக்கிறேன்.
நிறைத்த பாதி முகிலுக்கு,
காலிப் பாதி
என் தவறுக்கு.

ஆறு மணிக்குக் கடைசிச் சரிவு.
லைனும் லயனும் ஒரே சொல்தானாம்;
ஒன்றில் ஓடுவதை மட்டும் மட்டமாக்க
எனக்குச் சம்பளம்.
வீட்டுக்கு வந்தேன். கனகாம்பிகை காம்பராவில்
டீவி ஓடியது, சோறு வெந்தது.
பல்பு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.
யாரும் நிமிர்ந்து அதைப் பார்க்கவுமில்லை.
படுக்குமுன் போனில் நாளைக்கான முதல் பெட்டி:
காலை ஆறே கால்,
சைபர் புள்ளி சைபர் மூன்று.