கவ்வாத்துத் தெரிந்தவன்

தேயிலை பொறுத்துக்கொள்ளும்.
முழங்கால் உயரத்தில் வெட்டி
எலும்பாக விட்டுவிட்டு வந்தாலும்
மூன்றாம் மாதம்
கறுத்த கட்டையில் கண் திறக்கும்.
பதினொரு வருசம் அதைத்தான் செய்தேன்:
கத்தியால் மேல்நோக்கி ஓர் இழுப்பு,
பட்டை கிழியாத சாய்வான வாய்.
கைக்குத் தெரியும். தலை வேண்டாம்.

பங்களா ஹோட்டலாகி
வேலிக்கு ஆள் கேட்டபோது
கங்காணி என் பெயரைச் சொன்னது
அந்தக் கைக்காகத்தான்.

கந்தப்பளைப் பனி
பத்து மணிக்குத்தான் புல்தரையை விடும்.
அதுவரை சைப்ரஸ் வேலி
ஈரச் சாக்குப் போர்த்திய
மாடுகளின் வரிசை.
நனைந்திருக்கும்போது தொடாதே என்றார்
விமலசூரிய மாத்தயா.
கொடுத்தது ஒரு நீளக் கத்தரி.
அதற்கு இரண்டு கையும் வேண்டும்.
ஒற்றைக் கையில் கத்தி பழகியவனுக்கு
தெரியாத ஆளோடு
சோடி சேர்ந்து உழைப்பது போல.

நூல் பிடித்தேன்.
அடி அகலம், தலை ஒடுக்கம்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை.
முன்பிருந்த ஆள் விட்டுப்போன வடக்கு வேலி
மேலே குடையாக விரிந்து
காலடியில் வெயில் விழாமல்
மொட்டையாக நின்றது.
பார்த்தாலே தெரியும்.

மாசியில், மூன்றாம் நாள்,
நாலாம் நம்பர் மலைப் பக்கம்
கிளைகள் தொந்தி போலத் தள்ளியிருந்த இடத்தில்
பழைய கத்தியோடு உள்ளே போனேன்.

பச்சை ஒரு சாண்தான்.
அதற்குப் பின்னால் எல்லாம் பழுப்பு.
உதிர்ந்த செதில், தூசு,
குருவி விட்டுப்போன கூடு,
எந்தத் தொரை காலத்ததோ
நிறம் செத்த ஒரு டெனிஸ் பந்து.
வெட்டினேன்.
கவ்வாத்துக்காரன் வெட்டுகிற மாதிரி,
அடுத்த துளிரை நம்பி.

பங்குனி போனது. சித்திரை மழை வந்தது.
நாலாம் நம்பரில் கவ்வாத்து வெட்டிய செடியெல்லாம்
செம்பழுப்பாய்க் கொழுந்து விட்டது.
நான் தினமும் போய்
வேலிக் கட்டையை நகத்தால் சுரண்டினேன்.
சுரண்டிய இடம் காய்ந்தது.
வைகாசியில் டிக்சன் சொன்னான்:
"இது தேயில இல்லண்ணே.
பச்சையில வெட்டினாப் பச்ச வரும்.
கட்டையில வெட்டினா, கட்டதான்."

ஆக, வேலியில் ஓர் ஓட்டை.
ஒரு கதவின் பாதி அளவு.
வெளிநாட்டார் முட்டை சாப்பிடும் மேசையிலிருந்து
லயத்துத் தகரம் தெரிந்தது.
கொடியில் காயும் பள்ளிச் சட்டைகள் தெரிந்தன.
ஒரு வெள்ளைக்காரி எழுந்து வந்து
போட்டோ எடுத்தாள்.
மாத்தயா அரை நாள் பேரை வெட்டினார்.
பக்கத்துக் கிளைகளை இழுத்து
ஒன்றோடொன்று கட்டு,
மூன்று வருசத்தில் மூடிவிடும் என்றார்.
சரி என்றேன். சரியான யோசனைதான்.

அன்று இரவு ரொட்டி தட்டியபடியே
பவளராணி கேட்டாள்:
"பத்தரைக்குக் குந்திக்கிட்டு
யாரோட சிரிச்சீங்க?"
"ஒனக்கு எப்படித் தெரியும்?"
"நாலாம் நம்பர்ல மேல் வரிசையில நின்னா
ஒங்க செவப்புத் தொப்பி தெரியுது.
பக்கத்துல நின்ன புள்ளைங்களுக்கும் காட்டினேன்."

கலியாணம் முடித்து ஒன்பது வருசம்.
நான் ஒரு மலையில், அவள் ஒரு மலையில்.
வேலை நேரத்தில் என்னை அவள் கண்டது
அதுதான் முதல் தரம்.
டிக்சன் சொன்ன கதை ஒன்றுக்குச் சிரித்தேன்,
என்ன கதை என்று இப்போது ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு
தொப்பியைத் துவைத்துப் போடுகிறேன்.
அந்தப் பக்கத்து வேலியை
தேவைக்கு மேலேயே சீவுகிறேன்,
பச்சையில் மட்டும், நுனி நுனியாக.
கூடையைத் தலையில் மாட்டிய முப்பது பேரில்
எது அவள் என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
யாராவது கையை உயர்த்தினால்
கத்தரியைத் தூக்கிக் காட்டுகிறேன்.

பக்கத்துக் கிளைகள்
வளைகிற பதத்தில்தான் இருக்கின்றன.
கந்தப்பளைக் கடையில்
பச்சைக் கயிறு இன்னும் வரவில்லை என்று
மாத்தயாவிடம் சொல்லியிருக்கிறேன்.